லொறேற்றோவுக்குப் பக்கத்தில் கடல்

மேரிறோஸ் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. அதனால்தான் சொன்ன ஒரேயொரு பொய் அவ்வளவு பெரிதாக வந்து விழுந்தது. பழகியவர்களுக்கு அளவு தெரியும்.

லண்டன் மோர்டனில் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து எல்லாரும் கோயில் மண்டபத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற நேரம். அவளுடைய புருசன் கஸ்பர் பாதி இறைச்சி ரோல்ஸை வாய்க்குள் வைத்துக்கொண்டு சொன்னான்:

"ஜூன் மாசம் நானும் றோஸும் இத்தாலிக்குப் போறம்."

அவன் அதை யாருக்கும் குறிப்பாகச் சொல்லவில்லை, ரோல்ஸுக்குத்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் பியற்றிஸ் நின்றாள். செபமாலைக் குழுவின் பியற்றிஸ். அறுபதைத் தாண்டியவள், ஒரு முழங்காலில் ஒப்பரேஷன் செய்தவள், எந்தச் செத்த வீட்டிலும் முதல் ஆளாகச் சுடுதண்ணிப் போத்தலோடு நுழைகிறவள். அவளுடைய கைப்பையில் லூர்து தீர்த்தம் எப்போதும் இருக்கும். மாதாவின் உருவத்தில் செய்த சின்னப் பிளாஸ்ரிக் போத்தல் அது. நீலக் கிரீடத்தைத் திருகினால் தீர்த்தம் வரும்.

"ஆற்ற கலியாணம்?" என்றாள் பியற்றிஸ்.

"கலியாணம் இல்லை அக்கா."

"ஐயோ, செத்த வீடோ?"

"ஒருத்தரும் சாகேல்லை. சும்மா போறம்."

"சும்மாவோ?"

அந்த மண்டபத்தில் சும்மா எங்கேயும் போனவர் இல்லை. கனடாவுக்குப் போனால் கலியாணம். பாரிசுக்குப் போனால் வயதுக்கு வந்த பிள்ளையின் சாமத்தியச் சடங்கு அல்லது யாருடையவோ முப்பத்தோராம் நாள் நினைவு. லூர்துக்குப் போனால் நேர்த்தி. அறுபதை எட்டிப் பார்க்கிற ஒரு மனுசனும் மனுசியும் தனியே பெட்டி கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், மீன் தின்று, வைன் குடித்துவிட்டு வருவதற்கு அங்கே பெயர் இல்லை. பெயரில்லாத விஷயத்துக்கு அடுத்த ஞாயிறுக்குள் மற்றவர்கள் பெயர் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் ஏற்கெனவே தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

மேரிறோஸ் முந்திக்கொண்டாள். "லொறேற்றோவுக்கு அக்கா. மாதாவுக்கு ஒரு நேர்த்தி இருக்கு."

கஸ்பர் விழுங்கிய ரோல்ஸ் தொண்டையில் நின்றது.

பியற்றிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். நெஞ்சில் சிலுவை போட்டாள். கைப்பையைத் திறந்து, நீலக் கிரீடத்தைத் திருகி, இருமிக்கொண்டிருந்த கஸ்பரின் தலையில் இரண்டு சொட்டுத் தெளித்தாள்.

"நானும் வாறன்," என்றாள்.

லொறேற்றோ என்ற பெயர் அங்கே எல்லாருக்கும் தெரியும். மாதா மன்றாட்டுமாலைக்கே அந்தப் பெயர்தான். நாசரேத்தில் மாதா குடியிருந்த வீட்டைச் சிறகுள்ள சம்மனசுகள் தூக்கிவந்து இத்தாலியில் வைத்ததாக ஐதீகம். அந்த வீட்டைச் சுற்றியிருக்கிற பளிங்குப் படி, நூற்றாண்டுகளாகச் சனம் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து இரண்டு வாய்க்காலாகத் தேய்ந்து போயிருக்கிறது. இதெல்லாம் உண்மை. அங்கிருந்து பஸ் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் நுமானா என்ற கடற்கரை ஊர் வரும் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது உண்மையை மட்டும் மேரிறோஸ் சொல்லவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது கஸ்பர் கேட்டான். "ஏனப்பா உப்பிடிச் சொன்னனீ?"

"நீங்கள் ஏன் வாயைத் திறந்தனீங்கள்?"

"ரோல்ஸ் தின்னத்தான் திறந்தனான்."

கஸ்பருக்கு ஒரு பொதிக் களஞ்சியத்தில் இரவு வேலை. கலியாணம் கட்டிய அடுத்த வருசம் சேர்ந்தவன், இன்னும் அங்கேதான். மேரிறோஸுக்கு முதியோர் இல்லத்தில் பகல் வேலை. அவன் காலையில் கதவைத் திறக்கும்போது அவள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிற்பாள். அவனுடைய இரவுச் சாப்பாடு காலை ஏழு மணிக்கு. அவளுடைய இரவுச் சாப்பாடு மடியில் சோற்றுக் கோப்பையோடு ரீவிக்கு முன்னால். சனி ஞாயிறு வந்தால் யாராவது பிறந்திருப்பார்கள், இல்லாவிட்டால் இறந்திருப்பார்கள். ஒரு மண்டபத்தில் இருநூறு பேரோடு வரிசையில் நின்று சாப்பிடுவார்கள். ஒரு மேசையில் இரண்டே பேர் எதிரெதிரே இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிட்டது எப்போது என்று மேரிறோஸ் ஒருநாள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்த ஆஸ்பத்திரியின் கன்ரீன்தான் ஞாபகத்துக்கு வந்தது. அங்கேயும் கஸ்பர் பாதியில் எழும்பி வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது அவனுடைய முதுகு விட்டுவிட்டது. மே மாதத்தோடு வேலையும் முடிகிறது. அதைக் கொண்டாட என்ன வேண்டும் என்று அவன் கேட்டபோது அவள் யோசிக்கவில்லை. ரீவியைக் காட்டினாள்.

ரீவியில் ஒரு குண்டு வெள்ளைக்காரன் இத்தாலியின் மார்க்கே என்ற பகுதியில் ஊர் ஊராகத் தின்றுகொண்டு போவான். கஸ்பர் அதைப் பதிந்து வைத்து, காலையில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடும்போது போடுவான். மேரிறோஸ் சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே பார்ப்பாள். இருவரும் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான். செனிகாலியாவின் மணல், சிரோலோவின் வெள்ளைப் பாறை, கோனேறோ மலை கடலுக்குள் இறங்குகிற இடத்தில் பாறையில் தானாக வளர்கிற கறுத்த சிப்பி. பதின்மூன்று வகை மீன் போட்டுக் காய்ச்சுகிற ஒரு குழம்பு. பெரிய பச்சை ஒலிவ் காயின் கொட்டையை எடுத்துவிட்டு, இறைச்சி அடைத்து, பாண்தூளில் பிரட்டிப் பொரிக்கிற ஒரு தீன். பிறகு வெர்டிக்கியோ என்ற இளம்பச்சை வைன். அந்தக் குண்டன் ஒவ்வொரு ஊரிலும் அதைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவான்.

"உவன் ஏன் கண்ணை மூடுறான்?" என்று கஸ்பர் கேட்பான்.

"பில் வரப்போகுதாக்கும்," என்பாள் மேரிறோஸ்.

நுமானாவில் மேல்மாடி அறை பதிந்தாகிவிட்டது. பிளேன் ரிக்கற் எடுத்தாகிவிட்டது. முதியோர் இல்லத்தில் அந்த ஒரு கிழமை மட்டும்தான் லீவு தந்தார்கள். ஏழு இரவுகள், ஏழு மேசைகள். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். கடல்கூட இரண்டாம் பட்சம்.

அடுத்த ஞாயிறு பூசைக்குப் போனபோது யாத்திரைக்குப் பதினொரு பேர் சேர்ந்திருந்தார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கலியாணத்துக்கு ஆளை அழைக்காமல் விடலாம். பிறந்தநாளுக்கு மண்டபத்தில் இடமில்லை என்று சொல்லலாம். யாத்திரைக்கு வாறன் என்று சொல்கிற ஆளை வரவேண்டாம் என்று சொல்ல முடியாது. மாதாவிடம் போகிற வழியில் நீ யார் மறிக்க? அப்படி மறித்த ஒருத்தியை மேரிறோஸுக்குத் தெரியும். அவள் இப்போது வேறு கோயிலுக்குப் போகிறாள்.

பக்கத்து வீட்டுத் தவநாயகியும் பத்மநாதனும்கூட வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமைகளில் லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போகிற ஆட்கள்.

"ஊரில நாங்கள் மடு மாதா கோயிலுக்குப் போகாத வருசம் இல்லை அக்கா," என்றாள் தவநாயகி. "மாதா எண்டால் எல்லாருக்கும் மாதாதானே. நெற்றில படம் பாத்தன், அங்க இருக்கிற மாதா நல்ல கறுப்பு. எங்கட ஆள் மாதிரி."

"நான் றைஸ் குக்கர் கொண்டு வாறன்," என்றான் பத்மநாதன். "பெரிசு. பருப்பும் நெத்தலியும் நீங்கள் பாருங்கோ."

நோர்பரியிலிருந்து றொசாந்தி தன் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருந்தாள். பியற்றிஸ் வாட்ஸ்அப்பில் குழு தொடங்கிவிட்டாள். குழுவின் தலைவி மேரிறோஸ். நேர்த்திக்காரி அவள்தானே என்றார்கள். பியற்றிஸ் வழக்கம்போல வேலைகளை எடுத்துக்கொண்டாள். இத்தனை வருச யாத்திரைகளிலும் அவளுக்குக் கிடைத்தது கோச் பஸ்ஸின் கடைசி சீற்றும், ஏறி இறங்குகிற தலைகளை எண்ணுகிற பொறுப்பும்தான். முன் சீற்றும் மைக்கும் எப்போதும் வேறு யாரிடமோ இருக்கும்.

அன்று பின்னேரம் மேரிறோஸ் குசினி மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கஸ்பர் பச்சை ஒலிவ் காய்களைக் கத்தியால் சுற்றிச் சீவிக்கொண்டிருந்தான். இத்தாலிக்குப் போகுமுன் இங்கேயே ஒருமுறை செய்து பார்ப்பது என்று திட்டம். உள்ளே அடைக்க இத்தாலிய முறை இறைச்சி தெரியாததால் மேரிறோஸ் ஆட்டிறைச்சி ரோல்ஸுக்குச் செய்கிற கறியை அரைத்து வைத்திருந்தாள்.

"வாய்க்கு ருசியாப் போறவையைத்தான் ஆக்கள் பின்தொடருவினம்," என்றான் கஸ்பர். "கஷ்ரப்படப் போறவைக்குப் பின்னால ஆர் வருவான்?"

மேரிறோஸ் தலையை நிமிர்த்தினாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

அவள் ஏற்கெனவே போனை எடுத்துவிட்டாள்.

முதல் செய்தி அன்றைக்கே குழுவில் போனது. இது சாதாரண யாத்திரை அல்ல, கடும் தவ யாத்திரை. ஏழு நாளும் கைபேசி கிடையாது. பிள்ளைகளுக்கும் கிடையாது.

றொசாந்தி கூப்பிட்டாள். "அன்ரி, பிள்ளையளுக்குமோ?"

"மாதாவிட்டப் போன் இருந்ததோ பிள்ளை?"

"அன்ரி, எனக்கு லீவு கிடைக்கிறது சந்தேகமாத்தான் கிடக்கு," என்றாள் றொசாந்தி. நால்வர் குறைந்தார்கள்.

இரண்டாவது செய்தி புதன்கிழமை. சாப்பாடு பாணும் தண்ணியும் மட்டும்.

பத்மநாதன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "அக்கா, பாண் எண்டால் சம்பலோட தானே?"

"வெறும் பாண்."

"ஏழு நாளோ?"

"ஏழு நாள்."

"சோறு ஒரு வேளையும் இல்லையோ?"

"தம்பி, நேர்த்தி."

அவன் உள்ளே போனான். தவநாயகியின் குரல் மட்டும் கேட்டது. "நான் அப்பவே சொன்னன், மடு மாதா போதும் எண்டு." அன்று மாலையே றைஸ் குக்கர் யாத்திரையிலிருந்து விலகியது, அதோடு அவர்கள் இருவரும்.

கஸ்பருக்கு இது பிடித்துவிட்டது. களஞ்சியத்தில் இடைவேளையில் இருந்து யோசனை அனுப்பத் தொடங்கினான். வெறுங்கால். விடிய நாலு மணிக்குச் செபமாலை. முழங்காலில் மாதா வீட்டைச் சுற்றி ஒருமுறையல்ல, மூன்றுமுறை. "சவுக்கு ஒண்டும் போடுவமோ?" என்று கேட்டிருந்தான். மேரிறோஸ் சவுக்கை மட்டும் தவிர்த்தாள். மற்றதெல்லாம் குழுவில் ஏறியது. ஒவ்வொன்றுக்கும் ஒருவரோ இருவரோ விழுந்தார்கள். ஒருவருக்குப் பிரஷர். ஒருத்திக்கு மருமகள் பிள்ளை பெறப்போகிறாள். இன்னொருத்தர் எதுவும் சொல்லாமல் குழுவை விட்டுப் போனார்.

மே மாதத் தொடக்கத்தில் ஒரேயொருத்திதான் மிஞ்சியிருந்தாள்.

பியற்றிஸ் ஒவ்வொரு செய்திக்கும் கைகூப்புகிற படம் போட்டாள். போன் இல்லையா, நல்லது. பாணும் தண்ணியுமா, மிக நல்லது. வெறுங்காலுக்கு மூன்று கைகூப்பு. தினமும் காலையில் மோர்டன் ஹோல் பார்க்கில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து பழகினாள். வாத்துகள் விலகிக் கொடுத்தன.

"மேரிறோஸ்," என்றாள் ஒருநாள், கண் கலங்க. "எத்தினை யாத்திரை போயிருப்பன். எல்லாம் சொப்பிங். ரோமில கூடக் கைப்பை வாங்கத்தான் ஓடினவை. இப்பிடி ஒண்டைத்தான் நான் இவ்வளவு காலமும் தேடினது."

மேரிறோஸ் ஒரு கைக்குட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். கொடுத்தது குற்ற உணர்ச்சியிலா பயத்திலா என்று அவள் பிரித்துப் பார்க்கவில்லை. இரண்டுக்கும் ஒரே கைக்குட்டைதான்.

ஒருத்தியென்றால் எப்படியாவது சமாளிக்கலாம். லொறேற்றோவில் ஒரு மடத்தில் இறக்கிவிட்டுப் பகலில் போய்ப் பார்க்கலாம் என்று கஸ்பர் சொன்னான். ஆனால் பியற்றிஸ் சும்மா இருக்கிற ஆளில்லை. ஃபாதரிடம் சொன்னாள். ஃபாதர் பிரசங்கத்தில் சொன்னார். இந்தக் காலத்தில், இந்த லண்டனில், நம்மிடையே ஒரு சகோதரி பாணும் தண்ணியுமாக மாதாவிடம் போகிறார் என்றார். முன் வரிசையிலிருந்து எல்லாரும் திரும்பி மேரிறோஸைப் பார்த்தார்கள். அவள் குனிந்துகொண்டாள். அதையும் தாழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் செய்தி மற்றக் கோயில்களுக்கும் போனது. ஒவ்வொரு கோயிலிலும் ஒரு பியற்றிஸ் இருந்தாள். இரண்டு கிழமைக்குள் பத்தொன்பது பேர். முன்பு சேர்ந்த மாதிரி ஆட்கள் இல்லை. கஷ்ரம் என்றால் பின்வாங்குகிறவர்கள் இல்லை, கஷ்ரத்துக்காகவே வருகிறவர்கள். ஒருவர் சவுக்கைப் பற்றித் தாமாகவே விசாரித்தார். பியற்றிஸ் எல்லாருக்கும் அதே பிளேனில் ரிக்கற் எடுத்து, லொறேற்றோவில் யாத்திரிகர் மடத்தில் இடம் பிடித்து, ஸ்ரான்ஸ்ரெட் விமான நிலையத்துக்குப் போக ஒரு கோச்சும் ஒழுங்கு செய்துவிட்டாள். தலைவிக்கு மடத்தில் வாசலுக்குப் பக்கத்து அறை. கட்டில் ஒன்று. கஸ்பருக்கு ஆண்கள் பக்கம்.

பயணத்துக்கு முந்திய சனிக்கிழமை, வெயில் இன்னும் சாயாத பின்னேரம் ஏழு மணி. கஸ்பரின் வேலை முந்தின நாளோடு முடிந்திருந்தது. குசினி மேசையில் ஒரு தட்டு நிறையப் பொரித்த ஒலிவ். சுப்பர்மார்க்கற்றில் வாங்கிய வெர்டிக்கியோ போத்தல் ஒன்று. மேரிறோஸ் வெள்ளை மேசைவிரிப்புக்கூட விரித்திருந்தாள். கஸ்பர் ஒரு ஒலிவை வாயில் போட்டான்.

"உது எங்கட கட்லெற்தான் றோஸ். குறைமாசத்தில பிறந்திட்டுது."

அவள் சிரிக்கவில்லை. "எல்லாத்தையும் கன்சல் பண்ணுவம்," என்றாள்.

"விசரே? ஏன்?"

"பிறகென்ன? நான் போய்ப் பத்தொன்பது பேருக்கு முன்னால முழங்காலில நகரவோ? நீங்கள் ஆம்பிளையள் பக்கம், நான் வாசல் காவல். திரும்பவும் ஷிப்ட்தானே. இஞ்ச இருந்ததுக்கும் அங்க இருக்கிறதுக்கும் என்ன வித்தியாசம்?"

கஸ்பர் போத்தலைத் திறந்தான். இரண்டு கிளாசில் ஊற்றினான். கொஞ்சம் குடித்துவிட்டு, அந்தக் குண்டனைப் போல் கண்ணை மூடிப் பார்த்தான். திறந்தான்.

"பாணையும் தண்ணியையும் எதிரெதிர இருந்து சாப்பிடுவம்," என்றான். "மடத்தில மேசை இருக்கும்தானே."

அதுதான் அவன் தன் வாழ்நாளில் சொன்ன மிகக் காதலான வார்த்தை. மேரிறோஸ் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. "பாணுக்கு மோர்டனே போதும்," என்றாள்.

அப்போது பின்கதவு திறந்தது. தட்டுகிற பழக்கம் பியற்றிஸுக்கு இல்லை. தட்டினால் சனம் எதையாவது ஒளித்துவிடும் என்பது அவள் கருத்து.

கையில் ஒரு பை. அதிலிருந்து கறுப்பாக இரண்டு பொருளை எடுத்து மேசையில் வைத்தாள். கட்டட வேலைக்காரர் முழங்காலில் கட்டுகிற மெத்தை.

"எனக்கில்லை, உனக்கு," என்றாள். "நீ முழங்காலில போய்ப் பழக்கமில்லாதனீ. ஆருக்கும் தெரியாமல் சீலைக்குள்ள கட்டு. மாதா ஒண்டும் நினைக்க மாட்டா."

பிறகுதான் மேசையைப் பார்த்தாள். விரிப்பு. தட்டு. இரண்டு கிளாஸ். போத்தல்.

கஸ்பர் எழும்பி நின்றுவிட்டான், ஃபாதர் வந்ததுபோல. மேரிறோஸ் எழும்பவில்லை. அந்த முழங்கால் மெத்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டியிருந்தால் இன்னொரு பொய் சொல்லியிருப்பாள். மெத்தைக்குப் பொய் சொல்ல முடியவில்லை.

"பியற்றிஸ் அக்கா, நேர்த்தி ஒண்டும் இல்லை," என்றாள். "நாங்கள் போறது நுமானாவுக்கு. லொறேற்றோவுக்குப் பக்கத்தில கடல் இருக்கு. கடற்கரையில இருந்து சிப்பி தின்னப் போறம். வைன் குடிக்கப் போறம். இவரும் நானும் ஒரு மேசையில இருந்து ஒண்டாச் சாப்பிட்டது கிடையாது. அதுக்குத்தான். ஆக்கள் வரக்கூடாது எண்டுதான் பாண், தண்ணி, வெறுங்கால் எல்லாம் நான் போட்டது."

"நாலு மணிச் செபமாலை நான் போட்டது," என்றான் கஸ்பர். நியாயமாக இருக்க விரும்பினான்.

பியற்றிஸ் கதிரையை இழுத்து இருந்தாள். ஒப்பரேஷன் செய்த காலை நீட்டினாள். பிறகு தட்டிலிருந்து ஒரு ஒலிவை எடுத்து, திருப்பிப் பார்த்து, வாயில் போட்டாள்.

"உள்ளுக்கு என்ன?"

"ஆட்டிறைச்சி."

"மிளகு காணாது." இன்னொன்றை எடுத்தாள். "நான் ஒரு மாசமா வாத்துப் பீக்குள்ளால வெறுங்காலோட நடந்தனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா."

"மன்னிப்பு ஃபாதரிட்டக் கேள். எனக்கு ஒண்டைச் சொல்லு. நீ இல்லையெண்டால் யாத்திரைக்கு ஆர் தலைவி?"

மேரிறோஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள். இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் வேறொன்று கழுத்தை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தது.

"நீங்கள்தான் அக்கா."

"கோச்சில முன் சீற்?"

"உங்களுக்குத்தான்."

"மைக்?"

"மைக்கும்தான்," என்றான் கஸ்பர்.

பியற்றிஸ் மூன்றாவது ஒலிவைத் தின்றாள். தின்றுகொண்டே யோசித்தாள். அவள் யோசிக்கும்போது கோயில் கணக்குப் பிள்ளையின் முகம் வரும்.

"ஆனா நீ விலகினாய் எண்டால் சனம் கேக்கும். பத்தொன்பது பேரும் உன்னை நம்பி வெளிக்கிட்டவை. நேர்த்திக்காரி கடற்கரையில நிண்டாள் எண்டு ஒருத்தர் கண்டாலே எல்லாம் குழம்பும்." விரலை நக்கினாள். "நீங்கள் ரெண்டு பேரும் எங்களை விடக் கடும் நேர்த்தி. மௌனம். ஏழு நாளும் ஆரோடையும் கதைக்கக் கூடாது. உங்களோட ஒருத்தரும் கதைக்கக் கூடாது. கிட்ட வரக்கூடாது. எங்க இருக்கிறியள் எண்டு தேடக்கூடாது. தனிய இருக்கவேணும்."

கஸ்பர் திரும்பவும் கதிரையில் இருந்தான்.

"அக்கா," என்றாள் மேரிறோஸ் மெதுவாக. "உங்களுக்கு உது எங்கயிருந்து வந்தது?"

"உன்னட்ட இருந்துதான் படிச்சனான். ஆனா சும்மா இல்லை." பியற்றிஸ் நிமிர்ந்தாள். "வெள்ளிக்கிழமை நான் அங்க வருவன். அந்தச் சிப்பி ஒரு கோப்பை. அந்த வைன் ஒரு கிளாஸ். ஆரும் கேட்டால், உங்கட மௌனத்தைப் பரிசோதிக்க வந்தனான் எண்டு சொல்லுவன்."

"பாணும் தண்ணியும்?" என்றான் கஸ்பர்.

"தலைவிக்கு விதிவிலக்கு இருக்கும்."

மேரிறோஸ் உடனே சரியென்று சொல்லவில்லை. வேறு யாராவது என்றால் காலில் விழுந்திருப்பார்கள். அவள் விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து நேராக்கினாள்.

"மத்தியானம் வாங்கோ," என்றாள். "சிப்பி ரெண்டு கோப்பை தாறன். பின்னேரம் நாலு மணி பஸ்ஸில ஏத்தி விட்டிடுவன். இரவுச் சாப்பாடு எங்கட."

"உவளைப் பார்," என்றாள் பியற்றிஸ் கஸ்பரிடம். "பிடிபட்ட பிறகும் பேரம் பேசுறாள்."

"ஏழும் எனக்கு வேணும் அக்கா."

"சரி, நாலு மணி பஸ்," என்றாள் பியற்றிஸ். பிறகு எழுந்து, மேசையில் மிஞ்சியிருந்த வெர்டிக்கியோவைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, முழங்கால் மெத்தை வந்த பைக்குள் வைத்தாள்.

"உது பறிமுதல்," என்றாள். கதவடியில் நின்று, "அடுத்த முறை மிளகு கூடப் போடு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பயண நாள் காலை கோயில் வாசலில் கோச் நின்றது. பத்தொன்பது பேரும் கறுப்பு வெள்ளை உடுப்பில், சிரிப்பில்லாத முகங்களோடு ஏறினார்கள். வழியனுப்பப் பத்மநாதனும் தவநாயகியும் வந்திருந்தார்கள். பத்மநாதன் கஸ்பரின் கையைப் பிடித்து, "அண்ணை, மெலிஞ்சுபோய் வரப்போறியள்," என்றான். அவனுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. கஸ்பர் பதில் சொல்ல வாயைத் திறந்தான். மேரிறோஸ் அவன் காலை மிதித்தாள்.

முன் சீற்றில் பியற்றிஸ் மைக்கைத் தட்டிப் பார்த்தாள். இரண்டு முறை ஊதினாள். தேவையில்லாமல் மூன்றாம் முறையும் ஊதினாள்.

"பிள்ளையள், கேளுங்கோ. மேரிறோஸும் கஸ்பரும் இந்த நிமிசத்தில இருந்து மௌன நேர்த்தி. ஒருத்தரும் கதை குடுக்கப்படாது. போட்டோ எடுக்கப்படாது. இத்தாலியில இறங்கினதும் அவை எங்களை விட்டிட்டுத் தனியப் போவினம். எங்க எண்டு கேக்கக்கூடாது. அவையின்ர கஷ்ரம் எங்களுக்குத் தெரியாது."

கோச் முழுக்க ஒரு பெருமூச்சு. யாரோ ஒருத்தி மூக்கைச் சீறினாள். சவுக்கை விசாரித்த மனிதர் திரும்பி அவர்களைப் பொறாமையோடு பார்த்தார். மேரிறோஸ் தலையைக் குனிந்தாள். கஸ்பர் சிரிப்பை அடக்க யன்னல் பக்கம் திரும்பினான். அவன் தோள் குலுங்கியது. அழுகிறான் என்று பின் சீற்றுக்காரி பக்கத்தவளிடம் சொன்னாள்.

கோச் மோர்டனைத் தாண்டும்போது பியற்றிஸ் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் வந்தாள். முகம் கல்லாக இருந்தது. கைப்பையைத் திறந்து அந்த மாதா போத்தலை எடுத்து மேரிறோஸின் கையில் வைத்தாள். தலைக்கு மேல் சிலுவை வரைந்தாள்.

"தீர்த்தம்," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "களைச்சால் ஒரு வாய் குடி."

மேரிறோஸ் நீலக் கிரீடத்தைத் திருகினாள். ஒரு வாய் எடுத்தாள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் பச்சை ஆப்பிள், முடிவில் மெல்லிய கசப்பு.

நிமிர்ந்து பார்த்தாள். பியற்றிஸ் ஏற்கெனவே முன் சீற்றுக்குப் போய் மைக்கை எடுத்து மன்றாட்டுமாலையைத் தொடங்கியிருந்தாள். அவளுக்குச் சொல்ல மேரிறோஸிடம் ஒரு வார்த்தை இருந்தது. மரியாதையான வார்த்தை இல்லை. ஆனால் அவள் மௌன நேர்த்தியில் இருந்தாள், பத்தொன்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போத்தலைக் கஸ்பரிடம் நீட்டினாள். அவன் பக்தியோடு இரண்டு கையாலும் வாங்கி, குடித்து, கண்ணை மூடினான்.